யார் வாசலில் இருபது வாரம்?

(காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சட்ட மாணவர்களுக்காக நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



உள்ளே வர்றதுக்கு முன்னால வெளியே நின்னு டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன். மூணாவது வருஷம் படிக்கிற ஒரு தம்பி வந்து, நாலா மடிச்ச தாள் ஒண்ணைப் பிரிச்சுக் காட்டினார். ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தோட லெட்டர்பேடு. இன்னார் எமது அலுவலகத்தில் நான்கு வாரம் பயிற்சி பெற்றார், நன்னடத்தை உடையவர் என்று அடிச்சிருக்கு. கீழே கையெழுத்து இருக்கு, சீல் இருக்கு. பேர் எழுதுற இடம் மட்டும் காலி. “அண்ணே, காசு கொடுத்து வாங்கினேன். காலேஜ்ல இதைக் கொடுத்துட்டு, மே மாசம் ஒரகடத்துல கம்பெனி வேலைக்குப் போயிடலாம்னு இருக்கேன். தப்பாண்ணே?”ன்னு கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லல. தப்புன்னு ஒரே வார்த்தையில் சொல்லிட்டுப் போறது சுலபம். அந்தத் தம்பியோட வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். ஏன்னா அது என் வீட்டு நிலைமையாவும் இருந்தது. அதனால இன்னைக்கு நான் பேசப் போறது முழுக்க அவருக்கான பதில்தான். நீங்களும் கேளுங்க.

முதல்ல விதி என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். இந்திய பார் கவுன்சில் 2008இல் கொண்டுவந்த சட்டக் கல்வி விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் பயிற்சி எடுக்கணும். ஒரு வருஷத்தில் தொடர்ந்து நாலு வாரத்துக்கு மேல் கூடாது. எங்கெங்கே எடுக்கலாம்னு ஒரு பட்டியலும் இருக்கு. தொண்டு நிறுவனம், விசாரணை நீதிமன்ற வழக்கறிஞர், மேல்முறையீட்டு வழக்கறிஞர், நீதித்துறை, சட்டமன்றம், நாடாளுமன்றம், சட்ட நிறுவனம், கம்பெனி, உள்ளாட்சி அமைப்பு எல்லாம் அதில் வருது. படிப்பு முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது விசாரணை, மேல்முறையீட்டு வழக்கறிஞர்களிடம் இருந்திருக்கணும்ங்கிறதுதான் கட்டாயம். லா ஃபர்முக்குப் போயே ஆகணும்னு விதி எங்கேயும் சொல்லல. என்ன உடுத்தணும்னுகூட விதி இருக்கு: வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கறுப்புக் கோட்டு, கறுப்பு ஷூ. ஆனா அந்த இடத்தை யார் தேடிக் கொடுக்கணும், பஸ் காசை யார் கொடுக்கணும், மத்தியானச் சோத்தை யார் போடணும், இதுக்கெல்லாம் விதி இல்ல.

வாரத்துக்கு ஆறு நாள்னு வச்சா 20 வாரம் 120 நாள். நம்ம வீட்டுக் கணக்கில் அது 120 நாள் கூலி. கூலி போறது மட்டும் இல்ல, கையில் இருந்தும் செலவாகணும். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குத் தினமும் போய் வரணும், இல்லேன்னா அங்கே ரூம் எடுக்கணும். சித்திரை வெயிலில் போட ஒரு கோட்டு தைக்கணும். அப்பா வழக்கறிஞரா இருக்கிற பிள்ளைக்கு இந்த 120 நாள் அப்பா அலுவலகத்தில் ஏசியில் கழியுது. ஒரே விதிதான். ஒருத்தருக்கு அது சொந்த வீட்டு முற்றம், இன்னொருத்தருக்கு அடுத்தவன் வாசல்.

இப்போ நீங்க நடந்து வந்த தெருவுக்கு வர்றேன். இந்த பிள்ளையார்பாளையத்தில்தான் நான் முதன்முதலா பயிற்சி எடுத்தேன். சட்டத்தில் இல்ல, தறியில். அப்போ எனக்குப் பத்து வயசு. பக்கத்துக் கிராமத்துச் சேரியிலிருந்து விடியக்காலையில் நடந்து வருவேன். காஞ்சிபுரம் கோர்வைப் புடவைக்கு மூணு நாடா ஓடணும்னு இங்கே இருக்கிற பெரியவங்களுக்குத் தெரியும். உடலுக்கு ஒண்ணு, ரெண்டு கரைக்கும் ரெண்டு. தறிக் குழியில் உட்கார்ந்திருக்கிறவர் ஒரு ஆளா எல்லாத்தையும் ஓட்ட முடியாது. பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து ஒரு கரைக்கு நாடா போடணும். அந்தப் பையன் நான். எங்க அப்பா முன்பணம் வாங்கியிருந்தார். அது கழியற வரைக்கும் நான் அந்தத் தறியை விட்டு எழுந்திருக்க முடியாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துடுச்சு. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. அந்தச் சட்டம் ரெண்டும் நான் உட்கார்ந்த தறிக்குப் பக்கத்தில் எட்டிக்கூடப் பார்க்கல.

தறிக்காரர் மேல எனக்குக் கோபம் இல்ல. அவரும் கூலிதான். அவருக்கு மேல முதலாளி, முதலாளிக்கு மேல கடை. ஆனா ஒண்ணைக் கவனிச்சேன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளையும் அதே தறியில்தான் உட்கார்ந்தான். அவனுக்கு அவங்க அப்பா பாவு பிணைக்கக் கத்துக் கொடுத்தார், ஜரிகை எடை பார்க்கக் கத்துக் கொடுத்தார், முதலாளிகிட்ட கூலி பேசும்போது பக்கத்தில் நிறுத்தி வச்சுக்கிட்டார். எனக்கு நாடா போட மட்டும்தான் கத்துக் கொடுத்தாங்க. ரெண்டு பேரும் ஒரே இடத்தில், ஒரே நேரம் உட்கார்ந்தோம். அவன் தொழில் கத்துக்கிட்டான். நான் வேலை செஞ்சேன்.

பயிற்சிங்கிற சொல்லுக்குள்ள இந்த ரெண்டும் ஒளிஞ்சு கிடக்கு. இதைப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாம போனா நாலு வாரம் முடிஞ்சு சான்றிதழ் வரும், கையில் ஒண்ணும் இருக்காது.

பிறகு படிச்சு, சென்னைச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். ஒரு கோடை விடுமுறையில் சென்னையில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்துக்குப் பயிற்சிக்குப் போனேன். பேர் வேண்டாம். முதல் நாள் கேட்ட கேள்வி மூணு. அப்பா என்ன பண்றார்? சொந்த ஊரில் எந்தத் தெரு? யார் சொல்லி வந்தீங்க? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு கேள்வி இல்ல, ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு கேள்வி இல்ல. பதில் கிடைச்சதும் என்னைப் பழைய கட்டுகள் வைக்கிற ரூமுக்கு அனுப்பிட்டாங்க. கூட வந்த இன்னொரு மாணவர், ஒரு சீனியரோட நண்பர் மகன், கட்சிக்காரரோட பேசுற ரூமுக்குப் போனார். யாரும் என்னைத் திட்டல. சாதிப் பேரைச் சொல்லல. மரியாதையாத்தான் பேசினாங்க. ஆனா எந்தக் கதவுக்கு உள்ளே யார்ங்கிறது முதல் அரை மணி நேரத்திலேயே முடிவாயிடுச்சு. ஒரு நில வழக்குக்குத் தேதி வாரியான நிகழ்ச்சிக் குறிப்பை நான் மூணு நாள் உட்கார்ந்து எழுதினேன். அது வேற ஒருத்தர் பேரில் மேல போச்சு. மறுபடியும் கரைக்கு நாடா போட்ட பையன்தான் நான். புடவையில் என் பேர் இல்ல.

ஆனா அந்த ரூம் எனக்குக் கொடுத்ததையும் சொல்லணும். அங்கே வயசான ஒரு குமாஸ்தா இருந்தார். கட்டு எப்படிக் கட்டணும், வக்காலத்தில் என்ன விட்டுப் போகும், தாக்கல் செஞ்ச மனு எதனால ரிட்டர்ன் ஆகும், கோர்ட் ஃபீ கணக்கு எப்படின்னு அவர்தான் எனக்குக் கத்துக் கொடுத்தார். ஒரு நாள் ஒரு கட்டைப் பிரிச்சப்போ, அதில் ஒரு கிராமத்தோட பழைய நிலப் பதிவேட்டு நகல் இருந்தது. கம்பெனி ஒண்ணு வாங்கப் போற நிலம். உரிமை மூலம் சரியா இருக்கான்னு பார்க்க வந்த கட்டு. குறிப்புக் கலத்தில் நிபந்தனை ஒப்படைப்புன்னு இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஏன் சிலிர்த்ததுன்னு இளையவர்களுக்குச் சொல்றேன். இதே செங்கல்பட்டு ஜில்லாவில் ஆட்சியரா இருந்த திரமென்ஹீர், பறையர்களோட நிலைமை பற்றி 1891இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதன் பேரில் 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. நாம பஞ்சமி நிலம்னு சொல்றது அதைத்தான். பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதுக்கு அப்புறம் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கணும்னு நிபந்தனை. அந்த நிலம் எப்படிக் கைமாறிப் போச்சுன்னு கேட்டுத்தான் 1994இல் கரணையில் போராட்டம் நடந்தது. அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ரெண்டு பேரும் செத்தாங்க. நாம தெருவில் நின்னு செத்துக்கிட்டு இருந்த நிலத்தோட காகிதம், ஏசி ரூமில் ஒரு கட்டுக்குள்ள அமைதியா படுத்திருக்கு. நம்ம கண்ணுக்கு வர்றதுக்குப் பல வருஷத்துக்கு முன்னால அவங்க கண்ணுக்கு வந்துடுது.

அந்தக் கட்டை நான் வெளியே கொண்டுவரல. கொண்டுவரவும் கூடாது. கட்சிக்காரரோட ரகசியத்தைக் காப்பாத்துறது இந்தத் தொழிலோட அடிப்படை. பயிற்சி மாணவருக்கும் அது பொருந்தும். ஆனா எந்த ஆவணத்தை எங்கே தேடணும்னு அன்னைக்குக் கத்துக்கிட்டேன். பழைய நிலவரித் திட்டப் பதிவேடு, அ பதிவேடு, வில்லங்கச் சான்று, பட்டா மாறுதல் உத்தரவு. பழைய பதிவேட்டில் இருக்கிற நிபந்தனை, பிந்தைய பதிவேட்டில் காணாமப் போறது உண்டு. அந்த ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பார்க்கத் தெரிஞ்சவன்தான் வழக்கைக் கண்டுபிடிப்பான். இதெல்லாம் அரசு அலுவலகத்தில் மனு போட்டு வாங்கக்கூடிய ஆவணங்கள். 2005இலிருந்து தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கு. பின்னாளில் எங்க பக்கத்துக் கிராமத்து ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுக்க அந்தக் கட்டு ரூமில் கத்துக்கிட்டதுதான் உதவிச்சு.

அதனாலதான் லா ஃபர்முக்குப் போகாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். போங்க. பணமும் நிலமும் எப்படி எழுத்தாகுதுன்னு அங்கேதான் தெரியும். ஆனா அந்த வாசல் எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

இந்த வாசல் புதுசு இல்ல. அண்ணல் அம்பேத்கர் 1922இல் லண்டன் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனார். 1923இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார். தொழில் செய்ய சன்னது வாங்கப் பணம் இல்லாம நண்பர் நவல் பதேனாதான் கொடுத்து உதவினார். கொலம்பியா டாக்டர் பட்டம், லண்டன் பொருளாதாரப் பள்ளிப் பட்டம், பாரிஸ்டர் பட்டம் எல்லாம் இருந்தும் வழக்கு வரல. காரணம் என்ன? அந்த நீதிமன்றத்தில் பாரிஸ்டருக்கு வழக்கு நேரா வராது. சொலிசிட்டர்தான் வழக்குக் கட்டைக் கொண்டுவந்து பாரிஸ்டர்கிட்ட கொடுக்கணும். சொலிசிட்டர் நிறுவனங்கள் தீண்டப்படாத ஒருத்தர்கிட்ட கட்டைக் கொடுக்கத் தயாரா இல்ல. அவர் கீழ் நீதிமன்ற வழக்குகள், மேல்முறையீடுகள், ஏழை எளியவங்க வழக்குகளை எடுத்தார். 1925இலிருந்து ஒரு கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதி நேரமா வணிகச் சட்டம் பாடம் எடுத்தும் சம்பாதிச்சார். அறிவு பத்தாமல் இல்ல. கட்டு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகுதுங்கிற பாதை அடைச்சிருந்தது.

அன்னைக்கு சொலிசிட்டர் நிறுவனம், இன்னைக்கு லா ஃபர்ம். கோடைப் பயிற்சிக்கு யாரை எடுக்கறாங்களோ, நாளைக்கு அவங்களைத்தான் வேலைக்கும் எடுக்கறாங்க. அவங்களுக்குத்தான் கட்டும் போகுது. தகுதி, திறமைங்கிற சொல்லாடல் எல்லாம் இந்த முதல் வாசலைக் கடந்த பிறகு ஆரம்பிக்கிற கதை. இந்த வாசலில் இட ஒதுக்கீடு கிடையாது. 1925 நவம்பரில் இதே காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்தை எடுக்க மறுத்தாங்கன்னுதான் பெரியார் வெளியேறினார். அப்புறம் கல்லூரிக்குள்ள, அரசு வேலைக்குள்ள ஒரு வழி பிறந்தது. வழக்கறிஞர் அலுவலகத்துக்குள்ள அந்த வழி இன்னும் வரல.

இதன் விளைவு எங்கே போய் முடியுதுன்னு ஒரு கணக்கு சொல்றேன். 2018லிருந்து உயர்நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட நீதிபதிகளோட சமூகப் பின்னணியை ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கு. 2025 மார்ச்சில் கொடுத்த பதில்படி 715 பேரில் பட்டியல் சாதியினர் 22 பேர். பழங்குடியினர் 16 பேர். உச்சநீதிமன்றத்துக்கு நம்மில் ஒருத்தர் முதன்முதலா போனதே 1980இல்தான். அவர் தமிழ்நாட்டுக்காரர், நீதிபதி ஏ.வரதராசன். சீனியர்கிட்ட ஜூனியர், ஜூனியருக்கு முன்னால பயிற்சி மாணவர்னு இந்த ஏணியில் முதல் படியே நம்ம காலுக்கு எட்டாம வச்சிருந்தா, மேலே எண்ணிக்கை இப்படித்தான் இருக்கும்.

கடல் தாண்டியும் ஒரு சம்பவம் இருக்கு. நெல்சன் மண்டேலா 1940களின் தொடக்கத்தில் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு வெள்ளையர் சட்ட நிறுவனத்தில் பயிற்சி எழுத்தரா சேர்ந்தார். அந்த நிறுவனம் நல்ல நிறுவனம்தான். பயிற்சிக்கு வாங்குற கட்டணத்தைக்கூட அவர்கிட்ட வாங்கல. ஆனா முதல் நாளே அங்கே இருந்த பெண் ஊழியர், உங்களுக்கும் இன்னொரு கறுப்பின ஊழியருக்கும் புதுசா ரெண்டு கப் வாங்கி வச்சிருக்கோம், டீ வந்தா அதில் எடுத்துக்குங்கன்னு சொன்னார். நம்ம ஊர் டீக்கடை இரட்டைக் குவளை, கடல் தாண்டிப் போய் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கு! கூட இருந்த கௌர் ராடெபேங்கிற தோழர் வேணும்னே பழைய கப்பை எடுத்துக் குடிச்சார். மண்டேலா எனக்கு டீ வேண்டாம்னுட்டார். அப்புறம் சமையலறையில் தனியா போய்க் குடிச்சார். தன் சுயசரிதையில் இதை அவரே ஒளிக்காம எழுதியிருக்கார். பயிற்சி மாணவனா இருக்கிறவன் எல்லா இடத்திலும் உடனே எதிர்த்துப் பேச முடியாது. அதுக்காக நீங்க கூனிக் குறுகிப் போக வேண்டியதில்ல. ஆனா அவர் அங்கே தொழிலைக் கத்துக்கிட்டார். 1952இல் ஆலிவர் டாம்போவோட சேர்ந்து, தன் மக்களுக்குத் தன் சொந்த அலுவலகத்தைத் திறந்தார். அதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வர்றேன்.

இன்னொரு விஷயம். நான் படிச்ச காலத்தில் சட்டக் கல்லூரி, உயர்நீதிமன்ற வளாகத்தை ஒட்டியே இருந்தது. 1891இல் தொடங்கின கல்லூரி. வகுப்பு முடிஞ்சதும் நடந்தே கோர்ட்டுக்குள்ள போவோம். தம்புச்செட்டித் தெருவில், அரண்மனைக்காரன் தெருவில் சீனியர்கள் அலுவலகம். சாயந்தரம் அங்கே போய் உட்கார்ந்தா, சான்றிதழ் இல்லாமலே பயிற்சி கிடைச்சது. கிராமத்துப் பிள்ளைக்கு, முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்தச் சுவரோரம் ஒரு சொத்து. 2008 நவம்பர் 12ஆம் தேதி கல்லூரியில் சாதி மோதல் நடந்தது. கல்லூரிக்கு வச்ச அம்பேத்கர் பேரை ஒரு சுவரொட்டியில் போடாம விட்டதுதான் அதுக்கு உடனடிக் காரணம். விசாரிக்க நீதிபதி சண்முகம் ஆணையம் வந்தது. கல்லூரியை இடம் மாத்தணும்னு சொன்னாங்க. மாணவர்கள் போராடினாங்க. 2018இல் கல்லூரி புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போயிடுச்சு. சாதியை வெளியேத்தறதுக்குப் பதிலா மாணவனைக் கோர்ட்டிலிருந்து வெளியேத்தினாங்க. அப்பா வக்கீலா இருக்கிறவனுக்கு இதனால ஒரு நஷ்டமும் இல்ல. நமக்குத்தான் நடந்து போற தூரம் பஸ் பயணமாச்சு.

சரி, நாம கோர்ட்டுக்குள்ள இல்லேன்னா என்ன ஆகும்? வெண்மணியில் 1968 டிசம்பர் 25ஆம் தேதி 44 பேரை எரிச்சுக் கொன்னாங்க. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செஞ்சுது. மேலவளவில் 1997 ஜூன் 30ஆம் தேதி ஊராட்சித் தலைவர் முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்னாங்க. அந்த வழக்கில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைச்சது. வழக்கறிஞர் பொ.இரத்தினமும் அவரோட நின்னவங்களும் விடாம துரத்தினாங்க. சாட்சிகள் உடைஞ்சு போகாம நின்னாங்க. 2019இல் அதில் 13 பேரை முன்விடுதலை செஞ்சப்போ மறுபடியும் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தீர்ப்போட வேலை முடியறதில்ல. கட்டைத் தூக்கிக்கிட்டு வருஷக்கணக்கா நிக்க ஆள் வேணும். அந்த ஆளை எந்தக் கம்பெனியும் நமக்காகப் பயிற்சி கொடுத்து அனுப்பாது.

இப்போ நடைமுறைக்கு வர்றேன். அஞ்சு விஷயம்.

ஒண்ணு. மே மாசம் உயர்நீதிமன்றத்துக்கும் சிவில் கோர்ட்டுகளுக்கும் விடுமுறை. லா ஃபர்ம் மட்டும்தான் அப்போ சுறுசுறுப்பா இருக்கும். அதனால கோடையில் அங்கே இடம் இல்லேன்னா பயிற்சியே இல்லைன்னு நினைச்சுடறாங்க. குற்றவியல் நடுவர் நீதிமன்றம் மே மாசமும் நடக்கும். ரிமாண்டு எப்படி நடக்குது, ஜாமீன் மனு எப்படிப் போகுதுன்னு அங்கே பாருங்க. ரெண்டு விசாரணை வழக்கை முழுசா கவனிக்கணும், கட்சிக்காரரை வழக்கறிஞர் பேட்டி எடுக்கறதை ரெண்டு தடவை பார்த்துக் குறிப்பேட்டில் எழுதணும்னு உங்க பாடத்திட்டத்திலேயே இருக்கு. அந்தக் குறிப்பேட்டை அடுத்தவரைப் பார்த்துக் காப்பி அடிக்காதீங்க.

ரெண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. 1987ஆம் ஆண்டு சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வருமான வரம்பு பார்க்காம இலவசச் சட்ட உதவி உண்டு. நம்ம ஜனங்களுக்கே இது தெரியாது. அங்கே உட்கார்ந்து ஒரு மனுவை நம்ம ஜனங்க பேசுற தமிழிலிருந்து கோர்ட்டுத் தமிழுக்கு மாத்தி எழுதிப் பழகுங்க. அதுதான் வழக்கறிஞருக்கு முதல் பாடம்.

மூணு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ஐப் பாடப் புத்தகத்தில் படிச்சது போதாது. முன்ஜாமீன் கிடையாதுன்னு 18ஆம் பிரிவு சொல்லுது. பாதிக்கப்பட்டவங்களுக்கு ஜாமீன் விசாரணையில் பேச உரிமை உண்டுன்னு 2015 திருத்தத்தில் வந்த 15அ பிரிவு சொல்லுது. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவர்தான் புலன்விசாரணை செய்யணும்னு விதி இருக்கு. இதில் எந்த இடத்தில் வழக்கு ஓட்டையாகுதுன்னு ஒரே ஒரு கட்டை முதல் தகவல் அறிக்கையிலிருந்து தீர்ப்பு வரைக்கும் படிச்சாத்தான் புரியும். நாலு வாரத்தில் அப்படி ஒரு கட்டை முழுசா படிங்க, போதும்.

நாலு. தங்கச்சிங்களுக்குத் தனியா சொல்றேன். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊழியர்ங்கிற விளக்கத்துக்குள்ள பயிற்சி பெறுபவரும் வர்றார். அதே 2013இல், ஓய்வுபெற்ற உச்சநீதிமன்ற நீதிபதி ஒருத்தர்கிட்ட பயிற்சியில் இருந்த ஒரு மாணவி துணிஞ்சு எழுதினார். உச்சநீதிமன்றமே மூணு நீதிபதிகள் குழு அமைக்க வேண்டி வந்தது. சான்றிதழ் அவர் கையில் இருக்குங்கிறதுக்காக எதையும் பொறுத்துக்க வேண்டாம். எங்களுக்கு ஒரு போன் பண்ணுங்க.

அஞ்சாவதுதான் முக்கியம். இது உங்களுக்கு இல்ல, இங்கே பின்னால உட்கார்ந்திருக்கிற எங்க வழக்கறிஞர் தோழர்களுக்கு; எனக்கும் சேர்த்துத்தான். 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம், வழக்கறிஞராப் பதிவு செய்யச் சட்டத்தில் இருக்கிற 750 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாது, பட்டியல் சாதி, பழங்குடியினர்கிட்ட 125 ரூபாய்தான் வாங்கணும்னு தீர்ப்பு சொல்லுச்சு. அதே வருஷம் ஜூனியர் வழக்கறிஞர்களுக்கு மாசம் சென்னை, மதுரை, கோவையில் 20,000, மத்த ஊர்களில் 15,000 ரூபாயாவது கொடுக்கணும்னு உயர்நீதிமன்ற உத்தரவுப்படி நம்ம பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டுது. நல்லது. ஆனா ரெண்டுமே பட்டம் வாங்கினதுக்கு அப்புறம். பயிற்சி மாணவனுக்கு ஒரு பைசா இல்ல. அதை நாம ஏன் கொடுக்கக் கூடாது? நாம மேடையில் சமத்துவம் பேசறோம். நம்ம அலுவலகத்துக்கு வர்ற பிள்ளையை ஜெராக்ஸ் எடுக்க அனுப்பறோம், டீ வாங்க அனுப்பறோம். நாம செய்யறதும் அதேதானே? நாம ஒவ்வொருத்தரும் வருஷத்துக்கு ரெண்டு பிள்ளைகளை எடுப்போம். பஸ் காசும் மத்தியானச் சோறும் கொடுப்போம். வாரம் ஒரு நாள் உட்கார வச்சு ஒரு மனு எழுதக் கத்துக் கொடுப்போம். அந்தப் பிள்ளை எழுதினதை அந்தப் பிள்ளை எழுதினதுன்னே சொல்லுவோம். கோட்டை எங்க வீட்டிலிருந்து நான் தர்றேன், ரெண்டு இருக்கு.

இப்போ தம்பிக்கு வர்றேன். நீ செஞ்சது தப்பான்னு கேட்டே. தப்புதான். அந்த லெட்டர்பேடை விற்றவர் செஞ்சது உன்னைவிடப் பெரிய தப்பு. இடம் தேடிக் கொடுக்காத கல்லூரி செஞ்சது அதைவிடப் பெருசு. ஆனா நஷ்டம் உனக்குத்தான்பா. நாளைக்கு உன் சேரியில் ஒரு வீடு எரிஞ்சா, உன் பேரைச் சொல்லித்தான் ஓடி வருவாங்க. அன்னைக்கு ரிமாண்டு கோர்ட்டில் எங்கே நிக்கணும்னு உனக்குத் தெரியலேன்னா, அந்தக் காலி இடத்தில் நீ எழுதின பேர் உனக்கு உதவாது.

உன் வீட்டுக்கு மே மாசக் கூலி வேணும், அது எனக்குத் தெரியும். ஒரகடத்துக்குப் போ. வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா நாலு வாரத்தை வேற மாசத்தில் கோர்ட்டு திறந்திருக்கும்போது எடுத்துக்கலாம். விடுமுறைக்குள்ளதான் முடிக்கணும்னு நீயா நினைச்சுக்கிட்டிருக்கே. கல்லூரியில் பேசறதுக்கு நானும் வர்றேன். ஆயுத பூசை விடுமுறையை ஒட்டியோ, டிசம்பரிலோ என் அலுவலகத்துக்கு வா. கட்டு எடுத்துக் கொடுக்கறேன், பிரிச்சுப் படி. தப்பா எழுதினா திட்டுவேன். திரும்ப எழுதச் சொல்வேன். நாலு வாரம் முடிஞ்சு நான் எழுதிக் கொடுக்கிற தாளில் நீ என்ன செஞ்சேன்னு வரிசையா இருக்கும்.

அந்தத் தாளை என்ன செய்யறதுன்னு நீயே முடிவு பண்ணு. கிழிக்கறதுக்கு முன்னால, அதை விற்ற ஆள் யாருன்னு எங்ககிட்ட சொல்லு. பார் கவுன்சிலுக்கு மனு எழுதணும். அந்த மனுவை நீதான் எழுதணும். அதுவே உன் முதல் பயிற்சியா இருக்கட்டும்.

ஜெய்பீம்.